குழந்தைக்கு ஏதோ நடக்கிறது என்று சந்தேகமா? போலீஸில் சொல்வது எப்படி, அவர்கள் செய்ய வேண்டியது என்ன

பக்கத்து லைன் வீட்டில் ராத்திரியானால் ஒரு குழந்தை அடி வாங்கும் சத்தம். தோட்டத்துச் சாளையில் பள்ளிக்கூடம் போகாமல் மாடு மேய்க்கும் பத்து வயசுப் பெண். தீபாவளி லீவு முடிந்து வந்ததிலிருந்து யாரிடமும் பேசாத ஏழாம் வகுப்பு மாணவி. பார்த்தவர்கள் வாயில் முதலில் வருவது இதுதான்: "நிச்சயமாத் தெரியாம எப்படிங்க போய்ச் சொல்றது?"

நிச்சயமாகத் தெரிய வேண்டியதில்லை. கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ சொல்லியாக வேண்டும் என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19. சொல்லாமல் விட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பள்ளி, விடுதி, கம்பெனி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் பிறகு நிரூபணமாகாமல் போனாலும் சொன்னவர்மேல் வழக்கு வராது. வேண்டுமென்றே பொய் சொல்பவருக்குத்தான் தண்டனை. அதிலும் குழந்தைக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாருமே குழந்தைகள்தான், ஆணானாலும் பெண்ணானாலும்.

குழந்தை உங்களிடம் வாய் திறந்தால்

வழக்கு பலமாவதும் உடைவதும் பெரும்பாலும் இந்த முதல் பேச்சில்தான். டீச்சரோ அத்தையோ பதறிப்போய், "மாமா உன்னை அங்க தொட்டாரா? எத்தனை தடவை?" என்று கேட்டுவிடுவார்கள். குழந்தை தலையாட்டும். ஆறு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில், "இதைச் சொல்லிக் கொடுத்ததே டீச்சர்தான்" என்று வக்கீல் நிற்பார். அதனால் பெயரையோ உடல் பாகத்தையோ நீங்கள் முதலில் எடுத்துக் கொடுக்காதீர்கள். "சொல்லு சாமி, அப்புறம் என்னாச்சு?" என்பதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம். குழந்தை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு" என்று சத்தியம் செய்யாதீர்கள். அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது, குழந்தை இரண்டாவது முறையும் ஏமாந்து போகும். "நீ சொன்னது நல்லதுதான், உன் மேல தப்பு ஒண்ணுமில்ல, இத சரி பண்றவங்ககிட்ட நான் சொல்லோணும்" என்று சொன்னால் போதும்.

பிறகு தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். தேதி, நேரம், இடம், குழந்தை சொன்ன சொற்கள் அப்படியே. குழந்தை "உச்சா போற எடத்துல" என்று சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். மரியாதையாக "பிறப்புறுப்பு" என்று மாற்றினால் அது குழந்தையின் வார்த்தை இல்லையென்று ஆகிவிடும். கையெழுத்துப் போட்டு வையுங்கள். செல்போனில் வீடியோ எடுக்க வேண்டாம், துணியை விலக்கிக் காயத்தைப் பார்க்கவும் வேண்டாம். தானாகத் தெரியும் காயம் எங்கே, எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று குறித்தால் போதும்.

காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாடி விழும் குழந்தைக்கு முழங்காலிலும் கெண்டைக்கால் முன்பக்க எலும்பிலும் நெற்றியிலும் சிராய்ப்பு இருக்கும். காது, கழுத்து, முதுகு, பிட்டம், தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் யோசிக்க வேண்டும். இன்னும் நகரக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிய தழும்பு இருந்தால் கட்டாயம் யோசிக்க வேண்டும். சுடுதண்ணீர் தவறிக் கொட்டினால் காயம் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். சாக்ஸ் போட்டது போல இரண்டு காலிலும் ஒரே மட்டத்தில் கோடு கிழித்தபடி வெந்திருந்தால் காலைச் சுடுதண்ணீரில் முக்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கரண்டியில் வைத்த சூடு கரண்டியின் வடிவத்திலேயே நிற்கும்.

யாரிடம் சொல்வது

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. இப்போது அந்தச் சேவை அரசின் வசம், 112 அவசர எண்ணோடு இணைத்திருக்கிறார்கள். இந்த நிமிஷமே அடி விழுகிறது, குழந்தையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் 112 அல்லது 100. பெயர் சொல்லத் தயங்கினாலும் தகவலைச் சொல்லிவிடுங்கள். ஆனால் வீட்டு அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும். "சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடம்" என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கோயிலுக்குப் பின்னால், எத்தனையாவது கதவு, வீட்டுக்காரர் எப்போது ஷிப்டுக்குப் போவார் என்பதுவரை சொல்லுங்கள்.

நேரில் போவதென்றால் பாலியல் புகாருக்குப் பொதுவாக அனைத்து மகளிர் காவல் நிலையம். ஆனால் எந்த ஸ்டேஷனும் வாங்கியே ஆக வேண்டும். கோவை, திருப்பூர், சேலம் மூன்றிலும் மாநகரத்துக்குக் கமிஷனர், சுற்றுப்புறத்துக்கு எஸ்.பி. என்று எல்லை பிரிந்திருப்பதால், "இது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பேச்சு இங்கே அதிகம் காதில் விழும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), பிரிவு 173, இடம் எதுவானாலும் புகாரைப் பதியச் சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொள்வது அவர்கள் பாடு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், குறைந்தது உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவியில். வாசலிலேயே அவர் யார் என்று கேளுங்கள். பேச்சு தானாகச் சீராகும்.

புகாரில் சட்டப் பிரிவெல்லாம் வேண்டாம். குழந்தையின் பெயர், வயது, படிக்கும் வகுப்பு; நீங்கள் யார்; எப்போது, என்ன பார்த்தீர்கள் அல்லது கேட்டீர்கள்; யார்மேல் சந்தேகம்; குழந்தை இப்போது எங்கே, யாரோடு இருக்கிறது; அதே வீட்டில் வேறு குழந்தைகள் உண்டா. கடைசி இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். போலீஸ் முதலில் யோசிக்க வேண்டியதோ அதைத்தான்: இன்று இரவு இந்தக் குழந்தை அந்த வீட்டில் தூங்கலாமா?

புகாரை எழுதி முடித்ததும் ரைட்டர், "சி.எஸ்.ஆர். போட்டுக் குடுத்துடறோமுங்க, விசாரிச்சுட்டுக் கூப்புடறோம்" என்பார். சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது; சாதாரண மனுவுக்கு அது சரி, போக்சோவுக்குப் போதாது. எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரைப் பதியாமல் விடும் காவலருக்கும் அதே பிரிவு 21 பொருந்தும். யார் வாங்கினார்களோ அவர் பெயர், பதவி, போன் நம்பர், அவருக்கு மேலதிகாரி யார் என்பதையெல்லாம் கேட்காமலே சொல்ல வேண்டும் என்பது 2020 போக்சோ விதி 4. மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே புகாரை எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒரு நகல், குழந்தையின் பாதுகாப்பை முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

முதல் 24 மணி நேரம்

எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு போலீஸ் என்ன செய்கிறது என்பதைக் கூட இருப்பவர் தெரிந்து வைத்திருந்தால்தான் எது விட்டுப்போனது என்று சொல்ல முடியும்.

குழந்தையை ஸ்டேஷனுக்கு வரவழைத்து பெஞ்சில் உட்கார வைப்பது தவறு. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை சொல்லும் இடத்திலோ வைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுப்பவர் முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல். காக்கி உடுப்பில் வரக்கூடாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படவே கூடாது. ஜீப்பில் ஒன்றாக ஏற்றுவதும் ஸ்டேஷன் வராந்தாவில் எதிரெதிரே நிறுத்துவதும் சட்டத்துக்கு எதிரானவை. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தை இரவில் ஸ்டேஷனில் இருக்கக்கூடாது.

அப்பாவோ, சித்தப்பாவோ, ஒரே வீட்டில் இருப்பவரோ சந்தேகத்துக்கு உள்ளானால் 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். விடுதிப் பிள்ளைகளுக்கும் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். குழு கூடாத நாளானால் ஓர் உறுப்பினர் முன்பாவது நிறுத்தலாம். "ஞாயித்துக்கெழமைங்க" என்பது காரணமாகாது. வீட்டிலிருந்து குழந்தையைப் பிரிக்க வேண்டுமா என்பதை மூன்று நாளுக்குள் குழுதான் முடிவு செய்யும், போலீஸ் அல்ல. மற்ற வழக்குகளிலும் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தகவல் போக வேண்டும். குழு நியமிக்கும் ஆதரவு நபர், வழக்கு முடியும்வரை குழந்தையோடு வருபவர். அவரைக் கேட்டு வாங்குங்கள். தாய் தனியாக வாய்தாவுக்கு அலைந்து ஓய்ந்து, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி ஆவதைப் பெருமளவு தடுப்பது இந்த ஒரு ஏற்பாடுதான்.

வயதுக்கு ஆதாரம்: முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. ஆதாரை நம்பிப் போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியில்

எஃப்.ஐ.ஆர். இல்லாமலே பரிசோதனை செய்யலாம்; பிரிவு 27 அப்படித்தான் சொல்கிறது. அவசரச் சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் கேட்கக்கூடாது, தனியார் ஆஸ்பத்திரியும் பணம் கேட்காமல் பார்க்க வேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை யாரும் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

குளிப்பாட்டுவதற்கு முன்பே கூட்டிப் போங்கள். அம்மாக்கள் முதலில் செய்வது அதுதான், மனசு தாங்காமல் செய்கிறார்கள். அதற்காக அவர்களைத் திட்டாதீர்கள். குளித்திருந்தாலும் போக வேண்டும். 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கலாம், அதைத் தாண்டினாலும் காயமும் குழந்தையின் பேச்சும் ஆதாரமே. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை மட்டும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடித்து ஆதாரம் கெட்டுவிடும்.

அடிபட்ட குழந்தை என்றால் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். அழைத்து வந்தவர் "படியில உழுந்துட்டான்" என்றதை டாக்டர் அப்படியே எழுதிவிட்டால் அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி) எதிர்த் தரப்புக்குச் சாட்சியாகிவிடும். கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிக் குழந்தையிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அடி, பட்டினி, கவனிக்காமல் விடுவது

பாலியல் புகாரில் நடைமுறை கறாராக இருக்கிறது. அடியிலும் கவனிப்பின்மையிலும்தான் வழுக்குகிறது. "பெத்தவங்க அடிக்கறாங்க, இதுக்கெல்லாம் கேஸாங்க?" என்று ஸ்டேஷனிலேயே கேட்பார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 75, பொறுப்பில் இருப்பவர் குழந்தையை அடித்தாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டுக் குழந்தை துன்புறும்படி செய்தாலோ மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சட்டத்தில் மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணை தொடங்க முடியாது. இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

வழி உண்டு. சூடு வைத்தது, ஆயுதத்தால் அடித்தது, எலும்பு முறிந்தது, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் கீழ் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் குற்றங்கள். அப்படி ஒரு பிரிவு சேர்ந்தால் முழு வழக்கையும் அவர்களே விசாரிக்கலாம். அதனால் புகாரில் "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று பொதுவாக எழுதாமல், "இடது தொடையில் கரண்டியைக் காய்ச்சி வைத்த தழும்பு" என்று எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். வராவிட்டாலும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை.

வீட்டுக்குப் போகும் போலீஸ் பார்க்க வேண்டியவை எளிமையானவை. அடுப்படியில் சமைத்த தடம் இருக்கிறதா, குழந்தை எங்கே படுக்கிறது, கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்களா, பகலில் யார் பொறுப்பு, தம்பி தங்கைகள் எப்படி இருக்கிறார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலை நம்பி வெளியே வருவது பார்வையிடல் ஆகாது. குழந்தையைத் தனியாகப் பார்க்காமல் திரும்பக்கூடாது.

வறுமையும் கவனிப்பின்மையும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு ஷிப்டாகப் பனியன் கம்பெனிக்குப் போக, எட்டு வயசு அக்கா மூன்று வயசுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் தேவை அங்கன்வாடியும் பணமும். வழக்கு அந்த வீட்டை உடைத்துவிடும். கலெக்டர் ஆபீஸைச் சேர்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரும் மிஷன் வத்சல்யா திட்டம் உண்டு. நல்ல அதிகாரி முதலில் அங்கே போன் போடுவார். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது.

சூளை, தறி, மில்

14 வயது நிரம்பாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவுவதற்கும், சினிமா, விளம்பரம் போன்றவற்றில் நிபந்தனையோடு நடிப்பதற்கும் விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைக்குத் தடை. வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், போலீஸே வழக்குப் பதியலாம். முன்பணம் கொடுத்து அடைத்து வைத்திருந்தால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேரும், அப்போது வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) விடுதலைச் சான்று வாங்காமல் குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடக்கூடாது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை கிடைக்காது, பழைய கடனைச் சொல்லி மறுபடி கூட்டி வந்துவிடுவார்கள்.

ஒடியா, வங்காளம், இந்தி பேசும் பிள்ளைகள் இப்போது கொங்கில் எங்கும் இருக்கிறார்கள். சூப்பர்வைசரையோ, ஆள் கூட்டி வந்த காண்ட்ராக்டரையோ வைத்து மொழிபெயர்க்கும் பழக்கம்தான் பெரிய ஓட்டை. அந்தக் குழந்தை பயப்படுவதே அவரைப் பார்த்துத்தான் என்றும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர் பட்டியல் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்க வேண்டும். அங்கிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள், காது கேளாத, பேச இயலாத குழந்தைக்கும் இதுவே.

"பேசி முடிச்சுக்கலாமுங்க"

புகார் போன அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பிள்ளையோட பேர் கெட்டுடும், நாளைக்கு கல்யாணம் ஆகோணும், ஒரு தொகையை வாங்கிக்கலாம் என்பார்கள். வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் போக்சோ குற்றம் இரண்டு தரப்பும் பேசி முடிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. அறிக்கை செய்யும் கடமையும் பஞ்சாயத்தால் தீராது. யார் வந்தார், என்ன சொன்னார், எவ்வளவு தருவதாகச் சொன்னார் என்று தேதியோடு எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

பண்ணையத்து ஆள் குடும்பத்துக் குழந்தைக்கும் தோட்டத்துக்காரருக்கும் இடையிலான வழக்கில் இந்த அழுத்தம் பல மடங்கு. வேலை, குடியிருக்கும் சாளை, குடி தண்ணீர் எல்லாம் அவர் கையில். குழந்தை பட்டியலினமோ பழங்குடியோ என்றால் முதல் நாளே சாதிச் சான்றிதழ் நகலைச் சேர்த்துக் கொடுத்து, எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது விசாரணை டி.எஸ்.பி. கைக்குப் போகும், நிவாரணத் தொகையும் உண்டு. சான்று பிறகு தருகிறோம் என்று விட்டால் பிரிவைச் சேர்க்கவே மாதக்கணக்காகும்.

குழந்தையின் பெயரோ, படமோ, பள்ளியோ, வீடோ எந்த வாட்ஸாப் குழுவிலும் வரக்கூடாது. நியாயம் கேட்டுப் போட்டாலும் குற்றம்தான். ஆபாச வீடியோ கிடைத்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், போலீஸுக்குக்கூட ஃபார்வர்ட் செய்யாமல் போனையே கொண்டுபோய்க் காட்டுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-லும் சொல்லலாம்.

பிறகு

பெரும்பாலான போக்சோ குற்றங்களில் விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். 90 நாளுக்குள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். கைது, ஜாமீன், வாய்தா தேதி எல்லாவற்றையும் குடும்பத்துக்குத் தெரிவிப்பதும் போலீஸ் கடமை. ஜாமீனில் வெளியே வந்தவர் தெருமுனை டீக்கடையில் நிற்பதைக் குழந்தை பார்த்து அதிர்வது, முன்கூட்டியே சொல்லாததால் நடக்கிறது.

உணவுக்கும் உடைக்கும் போக்குவரத்துக்கும் உடனடிப் பணம் தரக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம், எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் கோர்ட் உத்தரவிடலாம், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணம் தர வேண்டும். அதற்கான பேங்க் கணக்கைக் குழந்தை பெயரில், வழக்கில் சம்பந்தப்படாத ஒருவரைக் காப்பாளராகப் போட்டுத் திறக்கவும். குற்றம் சாட்டப்பட்டவர் அப்பாவாக இருந்து, ஏற்கெனவே உள்ள கணக்கு அவர் பெயரோடு இருந்தால், அதை மாற்றிவிட்டுத்தான் மனுவில் கணக்கு எண்ணை எழுத வேண்டும்.